சதை போட்ட போர்விமானம்

எங்கள் உச்சிநாயக்கன்குளம் மூன்று வருடம் தொடர்ந்து வறண்டு, நாலாம் வருடம் தூர் வார வந்த பொக்லைன் ஒரு போர்விமானத்தின் எலும்புக்கூட்டை வாலைப் பிடித்துத் தூக்கிக் கரையில் வைத்த காலையில், ஊரே சட்டை போடவும் மறந்து குளத்தைப் பார்த்து ஓடியபோது, ஓடாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். அது வீரத்தினால் அல்ல, உள்ளே குண்டு இருக்கும், இத்தனை வருடம் பொறுத்திருந்த அது சரியாக நான் எட்டிப் பார்க்கும் நேரத்தில்தான் வெடிக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததால், தையல் மெஷினுக்கு அடியில் கால்களை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் லிங்கக்கனி. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தை விட்டவள். பரீட்சைக்குப் பயந்து அல்ல என்று என் அம்மா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லி கத்தினாலும் பயப்படுவேன், வெகுநேரம் கத்தாமல் இருந்தாலும் பயப்படுவேன். அப்படிப்பட்டவள் கையில் ஒரு போர்விமானம் வந்து சேர்ந்தது என்றால், அந்த விமானத்தின் தலையெழுத்தைத்தான் சொல்ல வேண்டும்.

விமானப்படையில் பதினெட்டு வருடம் இருந்து, ஊர் திரும்பி பம்ப்செட் பழுது பார்க்கும் சார்ஜன்ட் கொம்பையா அண்ணாச்சி, அந்த எலும்புக்கூட்டை மூன்று தரம் சுற்றி வந்து, துருவை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, இது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஹரிக்கேன் என்றார். அந்த நாளில் ஒரு வெள்ளைக்காரப் பையன் விமானத்தைக் குளத்தில் இறக்கிவிட்டு, நீந்திக் கரையேறி, யார் வீட்டிலோ இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு ரயிலேறிப் போனதாக ஒரு பேச்சு உண்டு. எங்கள் ஊர் மோரை ஞாபகம் வைத்திருந்தது, விமானத்தை மறந்துவிட்டது.

விமானம் கிடைத்ததும் ஊருக்குத் தேவசித்தம் அய்யாவும் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் ஊரில் பிறந்து, பர்மாப் போரில் இதே மாதிரி விமானம் ஓட்டி, பதக்கம் வாங்கி, விங் கமாண்டராக ஓய்வு பெற்று, தொண்ணூற்றாறு வயதில் பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருப்பவர் அவர். விமானத்தைச் செப்பனிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் அவர் பெயரால் நிறுத்துவது, விழாவன்று அவரையே அதில் உட்காரவைத்து மாலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. பழைய விமானங்களைப் பதிவு செய்கிற ஒரு அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. வரைபடத்து அளவுக்கு அங்குலம் பிசகாமல் செய்து முடித்தால் சான்றிதழ் தருவார்கள், விமானம் ஊரிலேயே இருக்கலாம். பிசகினால் லாரி வரும், ஏற்றிக்கொண்டுபோய்க் ஏதாவது ஒரு கிட்டங்கியில் மூட்டைகளோடு போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

மூடிக்கிடந்த அரிசி மில்லில் வேலை தொடங்கியது. நாலு மாதம் கழித்து அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா கனி, ஒரு தையல் வேல இருக்கு.”

“ஜாக்கெட்டா அண்ணாச்சி?”

“ஜாக்கெட்டுன்னே வச்சுக்க. ஆளு கொஞ்சம் நீளம். முப்பத்திரண்டு அடி.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் காலத்துப் போர்விமானத்தின் பின்பாதி தகரம் இல்லை, துணி. இரும்புக் குழாயும் மரச் சட்டமுமாக இருக்கிற உடம்பின் மேல் துணியை இழுத்துத் தைத்து, டோப் என்று நகப்பூச்சு வாசனை அடிக்கும் ஒரு வார்னிஷைப் பூசினால், அது காய்ந்து மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். துணியைக் கட்டிக்கொண்டா சண்டைக்குப் போனார்கள் என்று நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முடியாது என்று சொன்னால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இரண்டு பயங்களில் பெரிய பயம் எதுவோ அது எடுத்ததுதான்.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் ஜாக்கெட் துணியைக் கொடுக்கும்போது கழுத்தைப் பற்றியோ கையைப் பற்றியோ முதலில் பேசமாட்டாள். “உள்ள ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்கக்கா” என்பாள். கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், சதை போடும், அப்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம். விடாமல் தைத்த டைலர் இந்த ஊரில் ஒரு பொங்கல் தாண்டமாட்டாள். அண்ணாச்சி வரைபடத்தைப் படித்து, ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் மடித்துத் தை என்று மூன்று தரம் சொன்னார். நானும் மூன்று தரம் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, இருபத்தாறு வருடமாகப் பழகின கை, தலையைக் கேட்காமல், சீட்டிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே விட்டே தைத்து முடித்துவிட்டது. எனக்கே அது தெரியாது.

டோப் காய்ந்ததும் அய்யாவை அழைத்துவந்து ஒரு தரம் உட்காரவைத்துப் பார்த்தோம். நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல கனம். இரண்டு பேர் தாங்க, ஏணியில் ஏறி, காலை உள்ளே விட்டார், தொடைவரை போனார், இடுப்பில் நின்றுவிட்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

“சோப்பு நுரைய ஊத்தி இறக்குங்க” என்றாள் கூட்டத்தில் நின்ற ரோஸ்மேரி. என் வாடிக்கைக்காரி, எந்த ஜாக்கெட்டையும் மூன்று தரம் திருப்பிக் கொண்டுவருகிறவள்.

“வாய மூடுட்டி” என்றார் அண்ணாச்சி.

அய்யா கோபப்படவில்லை. “பர்மாவுல நான் அம்பத்திரெண்டு கிலோ. இப்ப என் ஒரு காலே அவ்வளவு இருக்கும்” என்று சிரித்தார்; நாங்களும் சிரித்தோம்; நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிடுங்கி எடுத்தோம். காரில் ஏறின பிறகுதான் சிரிப்பு நின்றது. “சார்ஜன்ட், விழாவ என் போட்டோவ வச்சு நடத்திக்கோங்க. அந்த சீட்ல உக்கார முடியாம, கீழ நின்னு மாலை வாங்க நான் வரமாட்டேன்” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் விமானம் சதை போடத் தொடங்கியது.

முதலில் தெரிந்தது அண்ணாச்சிக்குத்தான். மில் தூணுக்கும் விமானத்தின் வயிற்றுக்கும் நடுவில் தாராளமாக நுழைந்து போய்க்கொண்டிருந்தவர், ஒரு நாள் சட்டைப் பொத்தான் தெறிக்க மாட்டிக்கொண்டார். தன் தொப்பைதான் காரணம் என்று நினைத்து இரண்டு நாள் சோற்றைக் குறைத்தார். மூன்றாம் நாள் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொண்டதும் டேப்பை எடுத்து அளந்தார். ஒன்றரை அங்குலம். இரும்புக் குழாய் எப்படி வளரும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஏழாம் வகுப்புவரைதான்.

ஊர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது வருடத்துக்கு மேல் தண்ணிக்குள் பட்டினி கிடந்த சீவன், வெயில் பட்டதும் உடம்பு தேறுகிறது, பிரசவத்துக்கு வந்த பெண் தேறுவதில்லையா என்றார்கள். மில்லில் மிச்சம் கிடந்த தவிட்டைத் தின்கிறது என்று ஒரு கட்சியும், இல்லை, காற்றைக் குடித்தே ஊதுகிற உடல்வாகு, எங்கள் மதினிக்கும் அப்படித்தான் என்று இன்னொரு கட்சியும் உண்டாயின. அங்கன்வாடி டீச்சர் ஒரு அட்டையைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டி, வாராவாரம் எடைக்குப் பதில் சுற்றளவைக் குறித்து, பச்சைக் கோட்டுக்குள் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். ஒல்லியான மகளுக்கு வரன் தகையாத அம்மாக்கள், பெண்ணைக் கொண்டுவந்து அரைமணி நேரம் இறக்கை நிழலில் உட்காரவைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் முகத்தைச் சுளித்தார்கள். “இப்படியே விட்டா கால் வீங்கும்வே, காலையில நடக்க விடுங்க” என்றார்கள். எஞ்சின் இல்லாத விமானம் ஆனபடியால், தினமும் காலையில் பத்துப் பேர் அதைத் தள்ளிக்கொண்டு, பஸ் நிறுத்தம்வரை போய், டீக்கடையில் சீனி இல்லாத டீ குடித்து, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினவர்களுக்கு எல்லாம் சர்க்கரை குறைந்தது. விமானம் இன்னும் அரை அங்குலம் கூடியது.

எனக்கு மட்டும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரம் போய், வால் பக்கத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். தையல் தானே நெகிழ்ந்து, நான் உள்ளே விட்டிருந்த துணி வெளியே வந்திருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

“என்னத்துக்கு அழுத?”

“நான்தான் அண்ணாச்சி காரணம். உள்ள விட்டுத் தச்சிட்டேன். இடம் இருக்குன்னு தெரிஞ்சதும் அது வளந்திருச்சு.”

“எவ்வளவு விட்ட?”

“ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சு.”

அவர் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “அப்ப நாலு இஞ்சோட நின்னுரும்.”

“பிரிச்சு, மறுபடி பிடிச்சுத் தச்சிரவா? பழைய அளவுக்கு வந்துரும்.”

“வந்துரும். சர்ட்டிபிகேட்டும் வந்துரும். அய்யா வரமாட்டாவ.”

“இப்படியே விட்டா?”

“அய்யா வரலாம். கூடவே லாரியும் வரும்.” தூணுக்கும் விமானத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். “ஒண்ணு செய்யி. பாளையங்கோட்டைக்குப் போயி அய்யா இடுப்ப அளந்துட்டு வா. நாலு இஞ்சு போதுமா, காணுமான்னு முதல்ல பாப்போம்.”

விங் கமாண்டர் ஒருவரின் இடுப்பை அளக்க பஸ்ஸில் போனபோது, அவர் நாயை ஏவிவிடுவார் என்றே நான் நினைத்திருந்தேன். நாய் இல்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். விமானம் சதை போட்டிருக்கிறது அய்யா என்றேன். நல்ல விஷயம் என்றார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், நான் டேப்பைச் சுற்றினேன், நாற்பத்தாறு.

“காணுமா?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியலய்யா. இறுக்கிப் பிடிச்சு உக்காந்தா ஒங்களுக்குக் காணும்னு நினைக்கேன்.”

“எனக்குக் காணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு என்னிடம் சொல்கிறாரா வானொலியிடம் சொல்கிறாரா என்று தெரியாதபடி சொன்னார். அவர் கூடப் பறந்தவன் தாராப் என்று ஒரு பம்பாய்ப் பையன், இருபத்தொரு வயது. ஆற்று மணலில் அவன் விமானம் விழுந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணல் திட்டில் நின்று சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். இவர் மேலே மூன்று தரம் சுற்றினார். மணல் கெட்டியாகத்தான் இருந்தது, இறங்கியிருக்கலாம். இறங்கினால் அவனை எங்கே உட்காரவைப்பது? ஒரு ஆள் உட்காரும் விமானம். மூன்று சுற்றிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றுக்கு எண்ணெய் இல்லை. திரும்பிவிட்டார்.

“அன்னிக்கு எதிரி இருந்த இடத்தப் போட்டோ எடுத்துட்டு வந்தேன். அந்தப் போட்டோவுக்குத்தான் பதக்கம்” என்றார். “மாலைக்காக நான் அந்த சீட்டக் கேக்கலம்மா. இன்னொரு ஆள் உக்கார இடம் இருந்திருக்குமான்னு ஒரு தடவ பாக்கணும். அன்னிக்கு நான் சரியாப் பாக்கல.”

படித்தவள் யாராவது இருந்திருந்தால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

“அவுக இடுப்பளவு என்னய்யா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வானொலியை நிறுத்தினார். “மெலிஞ்ச பையன். அவன் கால்சட்டைய ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டேன், எனக்கு அப்பவே ஏறல. இருபத்தேழு வச்சுக்க.”

நோட்டில் அய்யா பெயருக்குக் கீழே தாராப் என்று எழுதி இருபத்தேழு என்று போட்டேன். “உள்ள விட்டுத் தைக்கட்டுமாய்யா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இருபத்தொண்ணுதான ஆகுது” என்றார் அவர். “விடு.”

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி கேட்டார்: “எவ்வளவு?”

“நாப்பத்தாறு. அப்புறம் இருபத்தேழு.”

“இருபத்தேழு யாருக்கு?”

சொன்னேன். அவர் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “துணி எத்தன மீட்டர் வேணும்?” என்றார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை. டோப் வாசனைக்கு எல்லோருக்குமே கண் எரியும்.

பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டு வைத்துத் தைத்தேன். தைத்த நாள் எல்லாம் என் மனசு என்னோடு சண்டை போட்டது. உனக்கு என்ன வயசு, ஐம்பது, அரசாங்கத்துப் பொருளை அளவு மாற்றித் தைக்கிறாய், உன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், ஜெயிலில் ஜாக்கெட் தைக்கச் சொல்வார்கள், அங்கேயும் ரோஸ்மேரி மாதிரி ஒருத்தி இருப்பாள் என்றது. கை வழக்கம்போல அதைக் கேட்கவில்லை. துண்டு வைத்த இடம் தளர்ந்து தொங்கியது. மூன்று வாரத்தில் விமானம் உடம்பு வைத்து அதை நிறைத்தது. அங்கன்வாடி அட்டையில் இடம் போதாமல் டீச்சர் இன்னொரு அட்டையை ஒட்டினார்.

விழா நாள் காலையில் அளவு பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து மாதங்கி என்ற அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரிப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டிய முகம். இரும்பு டேப்பை இழுத்து அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார். ஊரே மில்லுக்குள் மூச்சுவிடாமல் நின்றது.

“நடு அகலம் கிட்டத்தட்ட இரட்டிப்பா இருக்கு. இது யார் செஞ்ச வேலை?”

ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் மில் கூரையைப் பார்த்தது. அண்ணாச்சி மட்டும் ஒரு அடி முன்னால் வைத்தார். அவர் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்கிற பயமும், என்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்கிற பயமும் எனக்குள் மோதின. எது பெரியது என்று பார்ப்பதற்குள் என் கை தூக்கிக்கொண்டுவிட்டது.

“நான்தான் மேடம். முதல்ல தெரியாம ரெண்டு இஞ்சு விட்டேன். அப்புறம் தெரிஞ்சே துண்டு வச்சேன்.”

“இது ஒருத்தர் உட்கார்ற விமானம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம். அதுதான் தப்பாப் போச்சு.”

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அய்யா பழைய நீலக் கோட்டில் இறங்கினார். அண்ணாச்சியும் இன்னொருவரும் தாங்க, ஏணியில் ஏறி, காலை விட்டு, இடுப்பை விட்டு, பொதுக்கென்று உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நடுவில் இல்லாமல், இடது ஓரமாக நகர்ந்து, பஸ்ஸில் ஆளுக்கு இடம் விடுகிறவர் மாதிரி ஒடுங்கிக்கொண்டார்.

“சார், நடுவுல உட்காருங்க” என்றார் மாதங்கி.

“வேணாம்மா. சரியாத்தான் இருக்கு.” அவர் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தடவினார். முழுக்கையையும் அகல வைத்துத் தடவினார். “இருந்திருக்கும்” என்றார்.

மாதங்கி என் பக்கம் திரும்பினார். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு பெயரையும் இரண்டு அளவையும் படித்தார். தாராப் யார் என்று கேட்டார். அண்ணாச்சி அவர் காதருகில் குனிந்து சொன்னார். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, படிவத்தை எடுத்து வெகுநேரம் எழுதினார். பிறகு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்த ஊரில் ஹரிக்கேன் விமானம் எதுவும் இல்லை. அரிசி மில்லில் இருப்பது, அளவெடுத்துத் தைத்த, இருவர் உட்காரும் ஒரு பொருள்.

“அப்ப சர்ட்டிபிகேட்?” என்றார் அண்ணாச்சி.

“கிடைக்காது.”

“லாரி?”

“இல்லாத ஹரிக்கேனுக்கு நான் எப்படி லாரி அனுப்புறது?”

ஊர் சத்தம் போட்டுக் கொண்டாடத் தொடங்கியபோது, அய்யா மேலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, எனக்கு பெல்ட் இருக்கு. அவனுக்கு இல்லையே.”

“செவ்வாக்கிழம தந்துருதேன் அய்யா” என்றேன். வாய் தானாகச் சொன்னதுதான். நான் சொல்கிற செவ்வாய்க்கிழமை எந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் மட்டுமா, எந்த டைலர் சொன்ன நாளில் கொடுத்திருக்கிறாள்? அய்யாவுக்குத் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு, தொண்ணூற்றாறு வயதில், செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்கத் தயாராக அந்த ஓரத்திலேயே சாய்ந்துகொண்டார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். மில் நடுவில் போட்டு, ஊர் சுற்றி நிற்க, மேளக்காரர்கள் கோலைக் கையில் பிடித்தபடி காத்திருக்க, கெட்டியான துணியை நாலாக மடித்து, நாலு வரிசைத் தையல் ஓட்டி, மாதங்கி மேடம் தன் கைப்பையிலிருந்து கழற்றிக் கொடுத்த கொக்கியை வைத்து, இருபது நிமிஷத்தில் ஒரு பெல்ட் தைத்தேன். என் வாழ்நாளில் கேட்ட அன்றே நான் கொடுத்த ஒரே உருப்படி அதுதான்.

அய்யா அதைக் காலியான இடத்துக்குக் குறுக்கே போட்டு, கொக்கியை மாட்டி, பிடித்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். முன்னால் பார்த்தார். பிறகு வலப்பக்கமும் இடப்பக்கமும் தலையைத் திருப்பி, “எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்றார்.

அதில் எஞ்சின் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தள்ளி நின்றோம். அண்ணாச்சி விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார், மாதங்கி மேடம் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார், மேளக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். எல்லோரையும்விடத் தூரமாக, மில் வாசலுக்கும் வெளியே போய் நின்றவள் நான்தான். அந்தத் தையலைத் தைத்தவள் யார் என்று எனக்குத்தானே தெரியும்.